ஹோண்டா என்எஸ்எக்ஸின் முதல் விமர்சனங்களைப் படித்த ரசிகர்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள்?

கேட்டிருப்பது இதுதான்: ஹோண்டாவின் சூப்பர்காரான என்எஸ்எக்ஸின் இரண்டாம் தலைமுறையைப் பத்திரிகையாளர்கள் முதன்முதலில் ஓட்டிப் பார்த்து எழுதியபோது, அந்தக் காருக்காகப் பத்து வருடம் காத்திருந்த ரசிகர்களே ஏன் அதைத் திட்டித் தீர்த்தார்கள்? விமர்சகர்கள் அவசரப்பட்டார்களா, ரசிகர்கள் அவசரப்பட்டார்களா, இல்லை காரிலேயே கோளாறா?

காரில் குறை இருந்தது. விமர்சகர்கள் அதைச் சரியாகவே பிடித்தார்கள். ரசிகர்கள்தான் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்பது என் கருத்து. டயர், முன்சக்கரப் பிடிப்பு, உள்ளறையின் தரம் என்று தெளிவாக எழுதியிருந்த குறைகளைப் பற்றிப் பேச்சே இல்லை. "உயிர் இல்லாத கார்" என்ற ஒரே புகார் மட்டும் காட்டுத்தீயாகப் பரவியது. ரசிகர்களின் ஏமாற்றத்தை நான் குறைத்துப் பேசவில்லை, அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. ஆனால் அவற்றில் எது காரைப் பற்றியது, எது காத்திருப்பைப் பற்றியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

காத்திருப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கோபத்தின் பெரும்பங்கு அங்கேதான் சேர்ந்தது. முதல் என்எஸ்எக்ஸின் உற்பத்தி 2005ல் நின்றது. அதற்கு முன்பே, 2003 டோக்கியோ மோட்டார் ஷோவில் எச்எஸ்சி என்ற மாதிரிக் காரை வைத்து, வாரிசு வரப்போகிறது என்ற நம்பிக்கையை ஹோண்டா விதைத்துவிட்டது. அது வரவில்லை. 2007ல் டெட்ராய்ட்டில் இன்னொரு மாதிரி வந்தது. இதில் எஞ்சின் முன்பக்கம், அதுவும் வி10, அதாவது பத்து சிலிண்டர் என்றார்கள். 2008 டிசம்பரில், உலகப் பொருளாதாரம் குப்புற விழுந்து கிடந்தபோது, அந்தத் திட்டத்தையும் கைவிட்டார்கள். அதற்காகச் செய்த வேலையிலிருந்து எச்எஸ்வி-010 என்ற பந்தயக் கார் பிறந்தது. அது 2010ல் ஜப்பானின் சூப்பர் ஜிடி பந்தயத் தொடரில் உயர் பிரிவான ஜிடி500 பட்டத்தையும் வென்றது. ஆனால் கடைக்குப் போய் வாங்க ஒரு கார் இல்லை.

2012 ஜனவரியில், மறுபடியும் டெட்ராய்ட்டில், என்எஸ்எக்ஸ் என்ற பெயரிலேயே ஒரு கான்செப்ட் வந்தது. அதே வருடம் அமெரிக்காவின் சூப்பர் பௌல் ஆட்டத்தின் நடுவே நகைச்சுவைக் கலைஞர்கள் ஜெர்ரி சைன்ஃபெல்டையும் ஜே லெனோவையும் வைத்து விளம்பரம் போட்டார்கள். உற்பத்தி வடிவத்தைக் காட்ட 2015 ஜனவரி ஆனது. வாடிக்கையாளர் கைக்கு வர 2016 ஆனது. நடுவில் காரின் அடிப்படையே மாறிவிட்டது. முதலில் திட்டமிட்டது டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இல்லாத வி6 எஞ்சின், குறுக்குவாக்கில் வைத்தது. பிறகு அது இரட்டை டர்போவாகி, நெடுக்குவாக்கில் திரும்பியது. எஞ்சினின் திசை மாறினால் கியர்பாக்ஸ், குளிர்விக்கும் அமைப்பு, சட்டகம் என்று எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டும். 2014 கோடையில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதை அருகே ஒரு சோதனைக் கார் தீப்பிடித்து எரிந்தது. இவ்வளவும் ரசிகர்கள் கண்முன்னே நடந்தது. வருடத்துக்கு ஒரு படம், ஒரு வாக்குறுதி, ஒரு தள்ளிப்போடல் என்று போனால், கடைசியில் எந்தக் கார் வந்தாலும் அது மனதில் இருக்கும் காருக்கு ஈடாகாது.

மனதில் இருந்த கார் எது? 1989ல் சிகாகோவில் காட்டி, 1990ல் விற்பனைக்கு வந்த முதல் என்எஸ்எக்ஸ். முழுக்க அலுமினியச் சட்டகம், 3 லிட்டர் வி6, டைட்டானியத்தில் செய்த கனெக்டிங் ராடுகள் (பிஸ்டன்களை இணைக்கும் தண்டுகள்), நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை ஏறும் எஞ்சின். எடை 1,350 கிலோவை ஒட்டித்தான். எஃப்-16 போர் விமானத்தின் விமானி அறையை மனதில் வைத்து, ஓட்டுநருக்குச் சுற்றிலும் பார்வை கிடைக்கும்படி கூரையை அமைத்தார்கள். ஃபார்முலா 1 வீரர் அயர்டன் சென்னா ஜப்பானின் சுசூகா பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்த்து, சட்டகத்துக்கு இன்னும் விறைப்பு வேண்டும் என்ற கருத்தைச் சொல்ல, பொறியாளர் ஷிகேரு உவேஹாராவின் குழு நூர்பர்க்ரிங்கில் உட்கார்ந்து விறைப்பைச் சுமார் 50 சதவீதம் கூட்டியது. மெக்லாரன் எஃப்1ஐ உருவாக்கிய கோர்டன் மர்ரே, தன் காருக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது என்எஸ்எக்ஸை. சொந்தமாக ஒன்றை வைத்து வருடக்கணக்கில் ஓட்டவும் செய்தார்.

ஆனால் முதல் காரின் சொந்தக் காலத்தில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது வந்தபோதும் "ரொம்ப ஒழுங்கான கார், ஃபெராரியின் நாடகம் இதில் இல்லை" என்ற பேச்சு இருந்தது. ஏசி வேலை செய்தது, கிளட்ச் லேசாக இருந்தது, கார் எப்போதும் கிளம்பியது. இவையே அதன் மேல் குறையாகச் சொல்லப்பட்டன. 1997ல் 3.2 லிட்டர் எஞ்சினும் ஆறு கியரும் கொடுத்தார்கள். அதன்பின் பெரிய மாற்றம் இல்லாமல் விட்டார்கள். சக்தி 290 குதிரைத்திறனிலேயே நின்றது. 15 வருடத்தில் மொத்தம் சுமார் 18,000 கார்கள்தான் விற்றன. இன்று அதைக் கொண்டாடுபவர்களில் பலர், அது ஷோரூமில் இருந்த காலத்தில் அதைக் கடந்து போனவர்கள். அந்தக் கார் உண்மையிலேயே மகத்தானது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 2015ல் புதிய காரின் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டது 1990ன் காரை அல்ல, இருபத்தைந்து வருட நினைவில் மெருகேறிய காரை.

இனி புதிய கார். "உயிர் இல்லை" என்ற புகார் எங்கிருந்து வந்தது என்பது இதன் இயக்கத்தில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஓட்டுநருக்குப் பின்னால் 3.5 லிட்டர் இரட்டை டர்போ வி6, 500 குதிரைத்திறன். எஞ்சினுக்கும் 9 வேக இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கும் நடுவில் 47 குதிரைத்திறன் மின் மோட்டார் ஒன்று. முன்னால், இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று தலா 36 குதிரைத்திறனில் இரண்டு மோட்டார்கள். எஞ்சினிலிருந்து முன்சக்கரங்களுக்கு எந்தத் தண்டும் போகவில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 619 வரும். ஆனால் ஒவ்வொன்றும் உச்சத்தைத் தொடும் வேகம் வேறு என்பதால் மொத்தச் சக்தி 573 என்று ஹோண்டா சொன்னது. இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்றே ஒரு தனிச் சண்டை நடந்தது.

ஒரு இடது வளைவுக்குள் நுழைவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை மிதிக்கிறீர்கள். உங்கள் கால் அழுத்தம் நேராக பிரேக் எண்ணெய்க்குப் போவதில்லை. எவ்வளவு வேகம் குறைய வேண்டும் என்று கணினி கணக்கிட்டு, அதில் ஒரு பங்கை மோட்டார்களுக்கும் மீதியை டிஸ்க்குகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. மோட்டார்கள் மின்னாக்கிகளாக மாறி பேட்டரியை நிரப்புகின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள். வெளிப்பக்கம் இருக்கும் வலது முன்சக்கரத்தை அதன் மோட்டார் முன்னுக்குத் தள்ளுகிறது. உள்பக்கத்து இடது சக்கரத்தை அதன் மோட்டார் பின்னுக்கு இழுக்கிறது. இரண்டும் சேர்ந்து காரின் மூக்கை வளைவுக்குள் திருப்பிவிடுகின்றன. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். டர்போவில் அழுத்தம் ஏறும்வரையிலான அந்த ஒரு கணத்தைப் பின்பக்க மோட்டார் நிரப்பிவிடுகிறது. பொறியியலாக இதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். முன்சக்கரங்களில் இப்படி இரண்டு மோட்டார்களை வைத்து வளைவு திருப்பும் வேலையை அந்த விலையில் அப்போது வேறு யாரும் செய்யவில்லை. அதே வழியில் போன போர்ஷே 918 ஸ்பைடரின் விலை 8,45,000 டாலர், அதிலும் முன்னால் ஒரே மோட்டார்தான்.

ஆனால் அனுபவமுள்ள ஓட்டுநர் வளைவில் எதை எதிர்பார்க்கிறார்? முன்டயர் பிடியை இழக்கத் தொடங்குவது ஸ்டீயரிங்கில் லேசாகத் தெரிய வேண்டும், அதற்கேற்ப அவர் திருத்த வேண்டும். இந்தக் காரில் அவர் உணர்ந்து திருத்துவதற்கு முன்பே மோட்டார்கள் திருத்தி முடித்துவிடுகின்றன. பிரேக் மிதியில் காலுக்குத் திரும்பி வரும் எதிர்ப்பும் அதற்கென்று செய்த ஒரு கருவியிலிருந்து வருகிறது. அதை ஹோண்டா மிக நன்றாகவே செய்திருந்தது என்று பாராட்டியவர்களும் உண்டு. ஆக, கார் செய்வது சரி, ஆனால் எப்படிச் செய்தது என்பது ஓட்டுபவர் கைக்கு முழுதாக வந்து சேர்வதில்லை. நாள் முழுக்க ஓட்டினால் இதற்குப் பழகி, முன்பக்கத்தை நம்பி ஆக்ஸிலரேட்டரை இன்னும் சீக்கிரமாக மிதிக்கத் தொடங்குவீர்கள். அறிமுக நிகழ்ச்சிகளில் கிடைப்பதோ சில சுற்றுகள், அதுவும் பெரும்பாலும் உற்பத்திக்கு முந்தைய கார்களில். அந்த நேரத்துக்குள் ஒருவர் "என்னோடு பேசவில்லை" என்று எழுதினால் அது நேர்மையான பதிவுதான். அதைப் படித்தவர் "இது இறந்து பிறந்த கார்" என்று தீர்ப்பு எழுதியதுதான் தவறு.

எஞ்சின் சத்தத்தைப் பற்றிய புகாரும் இதோடு சேர்ந்தது. பழைய காரில் 8,000 சுற்றை நோக்கி ஏறும் விடெக் எஞ்சினின் (வேகத்துக்கேற்ப வால்வுகளின் இயக்கத்தை மாற்றும் ஹோண்டா எஞ்சின்) குரல் ரசிகர்களுக்கு மனப்பாடம். புதியதில் டர்போக்கள் சத்தத்தில் பாதியை விழுங்கிவிடுகின்றன. மீதியைக் குழாய் வைத்து உள்ளறைக்குக் கொண்டுவந்தார்கள். "குவயட்" என்று ஒரு ஓட்டும் முறையே இருந்தது. அதில் கார் மெதுவான வேகத்தில் மின்சாரத்திலேயே சத்தமில்லாமல் நகரும். தெருவில் இருப்பவர்களுக்கு இது நல்ல விஷயம். சூப்பர்காரில் இதை முதல் சிறப்பாக விளம்பரப்படுத்தியது ரசிகர்களின் நாடியைப் பார்க்காமல் செய்தது என்றே நினைக்கிறேன்.

விமர்சனங்களில் இருந்த உருப்படியான குறைகளுக்கு வருவோம். என் கணக்கில் முதலாவது டயர். காரோடு வந்தது கான்டினென்டல் நிறுவனத்தின் கான்டிஸ்போர்ட்கான்டாக்ட் 5பி. முன்னால் 245 மில்லிமீட்டர் அகலம், பின்னால் 305. சாலையில் சத்தமும் அதிர்வும் குறைவாக, மழையிலும் தைரியமாக ஓட்டத்தக்க டயர். எல்லைக்குக் கொண்டுபோனால் முன்பக்கம் வெளியே வழியத் தொடங்கும். கூடுதல் பணம் கொடுத்தால் பிரெல்லி பி ஜீரோ ட்ரோஃபியோ ஆர் கிடைத்தது. அது ஏறக்குறைய பந்தயப் பாதைக்கான டயர். ஒருவர் கான்டினென்டலில் சாலையில் ஓட்டிவிட்டு எழுதினார், இன்னொருவர் பிரெல்லியில் பந்தயப் பாதையில் ஓட்டிவிட்டு எழுதினார் என்றால், இரண்டு கட்டுரைகளும் இரண்டு வேறு கார்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். "ஒருத்தர் புகழ்கிறார், ஒருத்தர் இகழ்கிறார், யாரோ காசு வாங்கியிருக்கிறார்" என்று சண்டை போட்டவர்கள், கட்டுரையில் டயரின் பெயர் இருந்த வரியைப் பார்த்திருந்தால் பாதிச் சண்டை மிச்சம்.

அடுத்தது உள்ளறை. நடுவில் இருந்த 7 அங்குலத் தொடுதிரை, ஹோண்டாவின் சாதாரண கார்களில் வந்த அதே திரை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் குமிழ்கூடக் கிடையாது. சீட்டை நகர்த்த மின்வசதி வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. 1,56,000 டாலர் ஆரம்ப விலை சொல்லி, எல்லா வசதியும் சேர்த்தால் 2,00,000 டாலரைத் தாண்டும் காரில் இதை மன்னிக்க முடியாது. இந்த இடத்தில் நான் முழுக்க ரசிகர்கள் பக்கம். ஏ-பில்லர் எனப்படும் முன்கண்ணாடியின் பக்கத் தூண்களை மெலிதாக்க, எஃகைச் சூட்டில் முப்பரிமாணமாக வளைத்துக் குளிர்விக்கும் புதிய முறையைக் கையாண்டவர்கள் இவர்கள். சட்டகத்தின் இணைப்புகளுக்கு அப்லேஷன் காஸ்டிங் என்ற வார்ப்பு முறையைக் கார் உலகத்துக்கே முதலில் கொண்டுவந்ததும் இவர்கள்தான். அவ்வளவு உழைத்தவர்கள், ஓட்டுநர் தினமும் விரல் வைக்கும் திரையை அலமாரியிலிருந்து எடுத்துப் பொருத்திவிட்டார்கள்.

விலைச் சண்டையில் ரசிகர்கள் எடுத்து வைத்த பட்டியல் பலமானது. நிசான் ஜிடி-ஆர், 565 குதிரைத்திறன், 1,10,000 டாலரைச் சுற்றி. கார்வெட் இசட்06, 650 குதிரைத்திறன், என்எஸ்எக்ஸின் ஏறக்குறைய பாதி விலை. அதே விலைப்பட்டியலில் போர்ஷே 911 டர்போவும் ஆடி ஆர்8ம். கொஞ்சம் கூடக் கொடுத்தால் மெக்லாரன் 570எஸ், அது என்எஸ்எக்ஸைவிட 250 கிலோவுக்கு மேல் லேசு. என்எஸ்எக்ஸின் எடை 1,725 கிலோ. லேசான கார் என்று பெயர் வாங்கிய குடும்பத்தில் பிறந்தது முந்தையதைவிட 370 கிலோ கூடிவிட்டது என்றால் வருத்தம் வரத்தான் செய்யும். மூன்று மோட்டாரும் பேட்டரியும் அவற்றைக் குளிர்விக்கும் குழாய்களும் எங்காவது உட்கார வேண்டுமே. அந்த எடையைத் தாழ்வாகவும் நடுவாகவும் வைத்துவிட்டதால் வளைவில் அது அவ்வளவாகத் தெரியவில்லை என்று ஓட்டியவர்கள் எழுதினார்கள். பட்டியலைப் படித்தவர்களுக்கு 1,725 என்ற எண் மட்டும்தான் கண்ணில் பட்டது.

ஜப்பானில் இருந்த ரசிகர்களுக்கு இன்னொரு மனத்தாங்கலும் இருந்தது. முதல் கார் டோச்சிகியில், அதற்கென்றே கட்டிய தொழிற்சாலையில் கையால் கோத்தது. புதியதை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அமெரிக்காவின் டெட் கிளாஸ். அதைக் கட்டியது ஒஹாயோ மாநிலம் மேரிஸ்வில்லில். ஜப்பானுக்கு அது இறக்குமதியாகத்தான் வந்தது, 2016ல் 2 கோடியே 37 லட்சம் யென் விலையில். முதல் கார் 1990ல் அங்கே வந்தபோது விலை 80 லட்சம் யென். பழைய காரைத் தங்கள் நாட்டின் பெருமையாக நினைத்தவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. ஆனால் மேரிஸ்வில்லில் செய்த வேலையின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை.

ஜப்பானிய சூப்பர்கார் ஒவ்வொன்றும் முதல் விமர்சனக் காலத்தில் இப்படித்தான் அடிபட்டிருக்கிறது. 2007ல் 77 லட்சத்து 70 ஆயிரம் யென்னுக்கு நிசான் ஜிடி-ஆர் ஆர்35 வந்தபோது, கணினிதான் ஓட்டுகிறது, மனிதனுக்கு வேலை இல்லை என்றார்கள். உள்ளே இருந்த அளவீட்டுத் திரையை வடிவமைத்தது ஒரு வீடியோ கேம் நிறுவனம் என்பது அந்தப் பேச்சுக்குத் தோதாகப் போயிற்று. நூர்பர்க்ரிங்கில் 7 நிமிடம் 29 நொடி என்று நிசான் அறிவித்ததும், போர்ஷே தானே ஒரு ஜிடி-ஆரை வாங்கி ஓட்டி, 7 நிமிடம் 54 நொடிதான் வருகிறது என்று 2008ல் சவால் விட்டது. ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து வருடக்கணக்கில் மோதினார்கள். அந்த இரைச்சலில் உண்மையான பிரச்சினை ஒன்று இருந்தது: நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளப்பிவிடும் லாஞ்ச் கன்ட்ரோலை மீண்டும் மீண்டும் உபயோகித்தவர்களின் கியர்பாக்ஸ் போனது, வாரண்டியில் சிக்கல் வந்தது. நிசான் மென்பொருளை மாற்றி, கிளம்பும்போது எஞ்சின் சுற்றைக் குறைத்தது. அந்தக் கார் 2025 ஆகஸ்ட் வரை, ஏறக்குறைய 18 வருடம், சுமார் 48,000 என்ற எண்ணிக்கையில் உற்பத்தியில் இருந்தது.

டொயோட்டாவின் சொகுசு பிராண்டான லெக்சஸின் எல்எஃப்ஏ கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போய் அதே இடத்துக்கு வந்தது. 2009ல் காட்டியபோது கேட்டது 3,75,000 டாலர். 4.8 லிட்டர் வி10, யமஹாவோடு சேர்ந்து செய்தது. சும்மா நிற்கும் வேகத்திலிருந்து 9,000 சுற்றுக்கு 0.6 நொடியில் ஏறியதால், முள் வைத்த மீட்டர் ஈடுகொடுக்காமல் திரையில் முள்ளை வரைந்தார்கள். நடுவில் அலுமினியத்தை விட்டுக் கார்பன் இழைக்கு மாறியதால் அதுவும் பத்து வருடத் திட்டமானது. அப்போது கேட்ட பேச்சு: ஒற்றை கிளட்ச் கியர்பாக்ஸ் பழசு, இந்தக் காசுக்கு லெக்சஸா, ஃபெராரி 458 இதைவிட மலிவு. மொத்தமே 500 கார்கள். இன்று அவை கைமாறும் விலை அன்றைய விலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆர்35ஐ அதிகக் கணினி என்று குறை சொன்னவர்களும், எல்எஃப்ஏவைப் போதாத கணினி என்று குறை சொன்னவர்களும் ஒரே கூட்டத்தில் இருந்தார்கள். கியர்பாக்ஸைப் பற்றி இரண்டு கார்களிலும் சொன்னது நியாயமான குறை. பேட்ஜைப் பற்றி, அதாவது நிறுவனத்தின் பெயரைப் பற்றிச் சொன்னதெல்லாம் காலப்போக்கில் காணாமல் போயிற்று.

என்எஸ்எக்ஸில் ஹோண்டா எதைத் திருத்தியது என்று பாருங்கள், முதல் விமர்சனங்களில் எது சரி என்பது விளங்கும். 2018 ஆகஸ்டில், 2019ம் ஆண்டு மாடல் என்று கலிஃபோர்னியாவின் மான்டரேயில் காட்டிய காரில் எஞ்சின் சக்தியைக் கூட்டவில்லை. கான்டினென்டலின் பழைய டயரை எடுத்துவிட்டு ஸ்போர்ட்கான்டாக்ட் 6 வந்தது. வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் முன்பக்கம் 26 சதவீதம் விறைப்பு, பின்பக்கம் 19 சதவீதம். பின்சக்கரத்தின் கோணத்தைப் பிடித்து நிறுத்தும் டோ லிங்க்கின் ரப்பர் புஷ் 21 சதவீதம் விறைப்பு. பின்னால் சக்கரத்தைத் தாங்கும் ஹப்புகளும் கெட்டியாயின. அதிர்வை அடக்கும் டேம்பர்கள், முன் மோட்டார்களின் பங்கீடு, ஸ்டீயரிங் எல்லாவற்றின் மென்பொருளும் மாறியது. மின்சாரத்தில் நகரும் சீட்டுகளையும் விலையோடு சேர்த்தே கொடுத்தார்கள். சுசூகாவில் ஒரு சுற்றுக்கு சுமார் 2 நொடி மிச்சமானது. ஒரு குதிரைத்திறன்கூடக் கூட்டாமல் சுசூகாவில் 2 நொடி என்பது சாதாரணம் அல்ல. ஓட்டியவர்கள் இப்போது கார் பேசுகிறது என்றார்கள். உயிர் இல்லை என்று சொன்னதில் கணிசமான பகுதி ஒரு டயரும் சில ரப்பர் புஷ்களும்தான்.

இடைப்பட்ட காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருத்துவதற்கு முந்தைய அதே காரையே, போட்டிக் கார்களோடு நாள்கணக்கில் ஓட்டிப் பார்த்து, அமெரிக்காவின் ரோட் அண்ட் ட்ராக் பத்திரிகை 2017க்கான ஆண்டின் சிறந்த பெர்ஃபார்மன்ஸ் காராகத் தேர்ந்தெடுத்தது. அறிமுக நிகழ்ச்சியின் சில சுற்றுகளில் பிடிபடாத ஒன்று அதிக நேரம் கொடுத்தபோது பிடிபட்டது என்றே இதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் பேச்சு உறைந்துவிட்டது. இரண்டாம் தலைமுறையின் முதல் உற்பத்திக் காரை 2016 ஜனவரியில் ஏலத்தில் 12 லட்சம் டாலருக்கு அமெரிக்கப் பந்தய அணி உரிமையாளர் ரிக் ஹென்ட்ரிக் எடுத்த செய்தி எல்லா இடத்திலும் வந்தது. இரண்டு வருடத்துக்குள் ஷோரூம்களில் நின்றுபோன என்எஸ்எக்ஸ்களுக்குத் தள்ளுபடி கொடுக்க வேண்டிய நிலை.

கடைசியாக 2022ல் என்எஸ்எக்ஸின் டைப் எஸ் என்ற இறுதிப் பதிப்பு வந்தது. 600 குதிரைத்திறன், உலகம் முழுவதற்கும் 350 கார்கள், அதில் 300 அமெரிக்காவுக்கு, 30 ஜப்பானுக்கு. 2012ல் பார்க்க ஆசைப்பட்ட கார் இதுதான் என்று பலர் சொன்னார்கள். அந்த வருடமே உற்பத்தி முடிந்தது. இரண்டாம் தலைமுறை மொத்தம் 3,000ஐக்கூட எட்டவில்லை. முதல் தலைமுறையின் ஆறில் ஒரு பங்கு.

ஆகவே உங்கள் கேள்விக்கு: விமர்சகர்கள் அவசரப்பட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், கொடுத்த நேரத்தில் கண்டதை எழுதினார்கள். ரசிகர்களின் கோபத்தில் விலை, உள்ளறை, வருடக்கணக்கான இழுத்தடிப்பு ஆகிய மூன்றும் நியாயம், அந்த மூன்றுக்கும் ஹோண்டாதான் பொறுப்பு. எடையும் மின் மோட்டாரும் ஒஹாயோவும் ஓட்டிப் பார்க்காமல் கொடுத்த தீர்ப்புகள். அடுத்த ஜப்பானிய சூப்பர்காரின் முதல் கட்டுரை வரும்போது, அதில் எந்த டயரில் ஓட்டினார்கள், எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள், அது உற்பத்திக் காரா சோதனைக் காரா என்ற மூன்றையும் முதலில் தேடுங்கள். அந்த மூன்றும் இல்லாத கட்டுரையில் எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அதை வைத்து எந்தக் காரையும் எடைபோடுவதில்லை.